ஆடி மாதத்தில் எடுத்த என்.வி.கியூ. நான்கு

கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்தக் கூப்பிடும் வீடுகளில் ஒருவரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் என் அழகுக்கலைக் கடையைப் பெருப்பிக்கக் கடன் கேட்டுப் போனபோதுதான் கேட்டார்கள். பத்து வருடமாகச் செய்யும் தொழிலுக்கு என்னிடம் ஒரு கடதாசி இல்லை.

திரும்பவும் வகுப்பில் போய் இருக்க வசதி இல்லை. வேலை தெரிந்தவர்களை நேரடியாகச் சோதித்துத் தகைமை தரும் ஆர்.பி.எல். வழி இருக்கிறது என்று தோழி சொன்னாள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நான் நான்காம் மட்டத்துக்கு விண்ணப்பித்தேன். ஆடியில் கலியாணம் இல்லை, அதனால் அந்த மாதம் முழுக்க, செய்த வேலைகளைக் காட்டும் கோப்புச் சேர்த்தேன். படங்கள்தான் சிரமம். நான் வெளிக்கிடுத்தி இப்ப கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்டேன். கேட்காமல் ஒருத்தியின் கூறைப் படத்தைக்கூட வைக்க மனம் வரவில்லை.

செய்முறைச் சோதனையில் கொண்டை, சாறி மடிப்பு எல்லாம் கை தானாகச் செய்தது. அப்புறம் மதிப்பீட்டாளர் கேட்டார்: "தலைமுடிக்கு டை அடிக்க முதல் தோலில் எப்ப சோதிப்பீங்கள்?"

"நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்னம்" என்றேன். ஆயத்தப்படுத்தும்போது படித்த பதில் அது. அதற்கு முதல் நான் அதைச் செய்ததே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு அம்மாவுக்கு, மகளின் சாமத்திய வீட்டுக்கு முதல் நாள் டை அடித்தேன். விடிய இமை இரண்டும் வீங்கிவிட்டன. படங்களில் அவ பின்னுக்குத்தான் நிற்கிறா. காரணம் டையில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருளாகத்தான் இருக்கவேண்டும். 1907இல் யூஜின் ஷூலர் பிரான்சில் செயற்கைத் தலைமுடிச் சாயம் செய்த காலத்திலிருந்து இந்த வகைப் பொருட்கள்தான் நிரந்தரச் சாயங்களுக்கு அடிப்படை. சிலருக்கு அது ஒத்துவராது. காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்த்திருந்தால் முதலே தெரிந்திருக்கும். கை பழகியதைத் தொழில் தெரிந்ததாக நினைத்திருந்தேன்.

சான்றிதழ் வந்த கிழமையே அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். டை இனி வேண்டாம், கடையில் விற்கும் கறுப்பு மருதோன்றியும் வேண்டாம், அதிலும் பிபிடி கலப்பார்கள் என்று சொன்னேன். "வளவிலை நிக்கிற மருதோன்றி போடலாமோ பிள்ளை?" என்று கேட்டா. போடலாம் அம்மா என்று சொல்லி, நானே இலை பிடுங்கி அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.