கறுப்பனுக்காக ஒரு வழுக்காத தரை: பத்து வரிசையில் ஏழு முடிந்தது

கூடத்தில் டைல்ஸ் பதித்து மூன்று வாரம் ஆகிறது. பதித்தவர் மேஸ்திரி, டைல்ஸ் இடுக்குகளில் எபாக்ஸி கிரவுட் (கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் பிசின் கலவை) நிரப்பும் வேலையை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். பத்து வரிசையில் ஏழு முடிந்திருக்கிறது. முதல் இரண்டு வரிசைகளில் நிரப்பியதை ஹீட் கன்னால் சூடாக்கி, பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த இரண்டு வரிசைகள் கற்றுக்கொடுத்தது.

எங்கள் கறுப்பன் 11 வயது நாட்டு நாய். நங்கநல்லூர் வீட்டின் பழைய தரை கண்ணாடிபோல் பளபளக்கும் பாலிஷ் விட்ரிஃபைட் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய டைல்ஸ்). இடுப்பு மூட்டு தளர்ந்தபின் அவன் எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விலகிப் போய்விடும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பாதத்தோடு உள்ளே வந்தால் வாசலிலேயே விழுவான். தேங்காய் நார் விரிப்புகளைப் போட்டுப் பார்த்தோம். விரிப்புக்கு அடியில் தேங்கும் சிறுநீர் வாடை இரண்டே நாளில் கூடம் முழுவதும் பரவியது. ஆகவே தரையையே மாற்றுவது என்று முடிவு செய்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரித் துண்டை வாங்கி வந்து மொட்டை மாடியில் சோதிக்கத் தொடங்கினேன்.

கடைகளில் ஆர்9, ஆர்10 என்று சொல்லும் எண்கள், எண்ணெய் தடவிய சரிவில் காலணி அணிந்த ஒருவர் நடந்து, எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்குகிறார் என்று பார்க்கும் ஜெர்மானியச் சோதனையிலிருந்து வருபவை. ஆர்10 என்றால் 10 முதல் 19 டிகிரி வரை. நாயின் பாதம் காலணி அல்ல, எங்கள் வீட்டில் தரையில் சிந்துவது எண்ணெயும் அல்ல. அதனால் 3 அடிப் பலகையில் மாதிரித் துண்டை வைத்து, மேலே தண்ணீர் தெளித்து, சைக்கிள் டியூப் சுற்றிய அரைச் செங்கல்லை அதன்மேல் நிறுத்தி, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினேன். பாலிஷ் டைல்ஸில் முனை 9 அங்குலம் உயர்ந்ததுமே கல் நழுவியது. பளபளப்பில்லாத மேட் விட்ரிஃபைடில் 17 அங்குலம் வரை நின்றது. வெளிப்புறத்துக்கென்றே விற்கும் சொரசொரப்பான டைல்ஸில் இன்னும் மேலே நின்றது, ஆனால் அதன்மேல் தேய்த்த சேற்றை பிரஷ் இல்லாமல் எடுக்க முடியவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே சொரசொரப்புதான் அழுக்கையும் பிடித்துக்கொள்கிறது என்பதால், பிடிப்பில் முதலிடம் பெற்றதை விட்டுவிட்டு நடுவில் இருந்த மேட் வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

கோட்டா கல்லும் ஆத்தங்குடியும் இந்தச் சோதனையில் தோற்றவை அல்ல, அடுத்த சோதனையில் தோற்றவை. கோட்டா என்பது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டு அரை மணி நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் மங்கி நிற்கிறது. ஆத்தங்குடி டைல்ஸில் இருப்பது சிமெண்ட். அமிலம் அதையும் அரிக்கும், ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் முற்றத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்த மாதிரித் துண்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பூஜை அலமாரியில் விளக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். விட்ரிஃபைட் ஈரத்தை உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, டைல்ஸுக்குள் வாடை இறங்காது. அது இறங்குவது இடுக்குகளில்தான், குறிப்பாகச் சாதாரண சிமெண்ட் கிரவுட் போட்ட இடுக்குகளில். பழைய தரையைப் பெயர்த்தபோது டைல்ஸ் துண்டுகளில் எந்த வாடையும் இல்லை. கறுப்பன் வழக்கமாகப் படுக்கும் மூலையின் கிரவுட் பொடி மட்டும் மூக்கைத் துளைத்தது. அதனால்தான் இந்த முறை எபாக்ஸி.

“சார், வீட்டுக்கு சிமெண்ட் கிரவுட்டே போதும், எபாக்ஸி கைல ஒட்டினா போவாது” என்று மேஸ்திரி எச்சரித்தார். ஒட்டும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய சிக்கல் வெயில். ரெசின் (பிசின்), அதை இறுகச் செய்யும் ஹார்டனர், ஃபில்லர் பொடி மூன்றையும் முதல் நாள் காலை பதினொரு மணிக்கு முழுப் பொட்டலமாக வாளியில் கலந்தேன். நான்கு இடுக்கு நிரப்புவதற்குள் வாளியின் அடி கை வைக்க முடியாதபடி சூடாகி, கலவை புட்டுப்போல் உதிரத் தொடங்கியது. ரெசினும் ஹார்டனரும் சேரும்போதே வெப்பம் வெளிப்படுகிறது. மொத்தமாக ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி இறுகுவதை இன்னும் விரைவுபடுத்துகிறது. இப்போது அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறேன். மூன்று பொருளையும் தராசில் நிறுத்து, பொட்டலத்தில் உள்ள விகிதம் மாறாமல் கால் பங்கு மட்டும் கலந்து, கலந்தவுடன் வாளியில் விடாமல் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுகிறேன். இப்படிச் செய்தால் ஒரு வரிசையை நிதானமாக முடிக்க நேரம் கிடைக்கிறது.

இரண்டாவது சிக்கல் மேட் டைல்ஸுக்கே உரியது. ரப்பர் கரண்டியால் இழுத்து நிரப்பும்போது, கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளில் எபாக்ஸி படிந்து, மறுநாள் பால் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு வெண்படலம் தெரிந்தது. பாலிஷ் டைல்ஸில் ஒரு துடைப்பில் போகும் படலம் இங்கே போகவே இல்லை. மூன்றாம் வரிசையிலிருந்து கரண்டியை விட்டுவிட்டேன். தடித்த பிளாஸ்டிக் தாளை மருதாணிக் கோன்போலச் சுருட்டி, நுனியை 3 மி.மீ. இடுக்கின் அளவுக்கு வெட்டி, கலவையை இடுக்குக்குள் மட்டும் பிழிகிறேன். பிறகு ஒரு மின்கம்பித் துண்டின் வளைவால் ஒரே சீராக இழுத்தால் கிரவுட் சற்றே உள்வாங்கி அமர்கிறது. ஓரத்தில் பிதுங்கியதைச் சில நிமிடங்களில் ஒரு முறையும், வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்து இன்னொரு முறையும் துடைக்கிறேன். பஞ்சை ஒவ்வொரு முறையும் அலசிப் பிழியாவிட்டால் படலம் மீண்டும் வந்துவிடும். ஏழாம் வரிசையில் இன்று ஒரு பொட்டுக்கூட வெண்மை இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இறுகாத எபாக்ஸி தோலுக்கும் பாதத்துக்கும் எரிச்சல் தரும் என்பதால், நிரப்பும் நாளில் கறுப்பனும் பூனை செல்லியும் மாடி அறையில்தான் இருக்கிறார்கள். செல்லியை முன்னிட்டு வீட்டிலிருந்த பினாயிலையும் அப்புறப்படுத்திவிட்டோம். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, தரையில் நடந்த பாதத்தை அது நக்காமல் இருக்கப் போவதும் இல்லை. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பதிலாக, சிறுநீர் வாடைக்கு என்சைம் கலந்த திரவம் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

டைல்ஸ் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான சரக்கு குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் வருகிறது. ஒரே டிசைன் என்றாலும் பெட்டியில் அச்சிட்ட ஷேடு எண் மாறினால் நிறமும் மாறும். எனக்கு வந்த பெட்டிகளில் இரண்டில் எண் வேறு. பதித்தபின் வித்தியாசம் தெரியாது என்று கடைக்காரர் வாதிட்டார். மாற்றித் தரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. வெட்டுக்கும் உடைசலுக்குமாகப் பத்து சதவீதம் கூடுதலாக, அதே எண்ணில், முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இன்னும் மூன்று வரிசையும் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்கும் பாக்கி இருக்கும்போதே மனம் பின்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டது. அங்கே பாலிஷ் போடாத கடப்பா கல் போடலாம் என்று எண்ணம். ஒரு துண்டை வாங்கி வந்து பலகைமேல் வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டாம் வரிசையை முடித்துவிட்டு, அதை நனைத்துச் செங்கல்லை ஏற்ற வேண்டும்.