11 டிகிரி அட்சரேகையில் ஓரியன்: சாதா டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ், ஒரு டிராக்கர்

கேமரா கேனான் 1300டி, உள்ளே எதையும் மாற்றாதது. லென்ஸ் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம். பிற்பாடு ஒரு 135 மிமீ மேனுவல் லென்ஸ். இடம் கோயம்புத்தூரிலிருந்து தள்ளி, அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு. இலக்கு ஓரியன், அதாவது நம் பஞ்சாங்கத்துத் திருவாதிரையும் மிருகசீரிடமும் இருக்கிற விண்மீன் கூட்டம். அதன் இடுப்புப் பட்டைக்குக் கீழே தொங்கும் எம் 42 நெபுலாதான் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் ஜனவரி நடுவில், இரவு 10 மணி வாக்கில் அது உச்சி கடக்கும். இந்த அட்சரேகையில் அப்போது தெற்கே 73 டிகிரிக்கு மேல் நிற்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால் தூசியும் ஊர் வெளிச்சமும் மிகக் குறைவாகவே குறுக்கே வரும்.

முதல் கட்டம்: டிரைபாட் மட்டும்

டிராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாதபோது எத்தனை விநாடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பதே முதல் கேள்வி. 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கச் சொல்லும் பழைய கணக்குப்படி, சென்சார் சிறியது என்பதற்கான 1.6 கிராப்பையும் சேர்த்தால் 6 விநாடி வருகிறது. எடுத்துப் பார்த்தால் 6 விநாடியில் நட்சத்திரங்கள் அரிசி மாதிரி நீண்டுவிடுகின்றன. இந்த கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 50 மிமீ லென்ஸில் அது வானத்தில் 17.7 ஆர்க் செகண்டுக்குச் சமம் (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க் செகண்ட்). வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஆக 6 விநாடியில் 5 பிக்சல் நீளக் கோடு விழும். ஓரியன் வான நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் இந்த நகர்வில் துளிகூடச் சலுகை கிடையாது. 4 விநாடிதான் சரியாக வந்தது. சப்தரிஷி மண்டலம் போல வடக்கே தள்ளி இருப்பவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கலாம்.

துளை எஃப் 1.8-இல் முழுதாகத் திறந்திருந்தால் மூலைகளில் நட்சத்திரங்கள் சிறகு விரித்த பறவை போல ஆகின்றன, பிரகாசமானவற்றைச் சுற்றி ஊதா வளையமும் சேர்கிறது. எஃப் 2.8-க்கு மூடினால் இரண்டும் பெருமளவு அடங்குகின்றன. வெளிச்சம் சுமார் 2.4 மடங்கு குறைகிறது, ஆனாலும் இந்த விலை கொடுக்கத் தக்கதுதான். துளையின் 7 இதழ்களால் ரிகெல் போன்ற நட்சத்திரங்களைச் சுற்றி 14 கதிர்கள் தோன்றும். பிடிக்காதவர்கள் லென்ஸைத் திறந்தே வைத்துவிட்டு, முன்னால் சிறிய ஸ்டெப்-டவுன் வளையத்தை மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கலாம். வட்டத் துளையில் கதிர்கள் வராது.

மற்ற அமைப்புகள்: மேனுவல் மோட், ரா கோப்பு, ஐஎஸ்ஓ 1600, ஒயிட் பேலன்ஸ் டேலைட். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தே ஆக வேண்டும். டிராக்கரில் நீண்ட படம் எடுக்கும்போது அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதே நேரத்துக்கு இருட்டுப் படம் ஒன்று எடுத்து, இரவில் பாதியைத் தின்றுவிடும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒளி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே வரும் ஒளி அதேதான். இந்த கேமராவில் 1600-க்கு மேல் போனால் பிரகாசமான நட்சத்திரங்கள் நிறம் இழந்து வெள்ளையாகி விடுவதுதான் மிச்சம்.

தானாகத் தொடர்ந்து படம் எடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. சில மாடல்களில் இடைவெளி என்பது ஒரு படம் முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள நேரம். சிலவற்றில் தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரை. இரண்டாவது வகையில் 4 விநாடிப் படத்துக்கு 3 விநாடி இடைவெளி வைத்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் படம் தவறிப் போகும். எண்ணிக்கை பாதியாக இருப்பது காலையில்தான் தெரியும். முதல் 5 படங்களைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்துவிட்டு நகருங்கள்.

200 படம், ஒவ்வொன்றும் 4 விநாடி: மொத்தம் 13 நிமிட வெளிச்சம். லென்ஸின் பார்வைப் பரப்பு 25 டிகிரிக்கு 17 டிகிரி. வானம் 10 நிமிடத்தில் 2.5 டிகிரி நகர்கிறது என்பதால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சட்டகத்தைத் திருப்பி அமைக்க வேண்டும். இப்படிச் சேர்த்ததிலேயே எம் 42-இன் இறக்கைகளும், நடுவில் வெளிர்ப்பச்சையும், ஓரத்தில் இளஞ்சிவப்பும் தெரிந்தன. டிராக்கர் வாங்கும் முன் இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஃபோகஸ், அடுக்குதல் (பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது), டார்க் (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) எல்லாம் இங்கேயே கைக்குப் பழகிவிடும்.

ஃபோகஸ்

வீணாகும் இரவுகளில் பெரும்பாலானவை இதனால்தான் வீணாகின்றன. லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடத்தை நம்பக் கூடாது. எஸ்டிஎம் லென்ஸில் குறியே இல்லை. லைவ் வியூவில் சிரியஸைக் கொண்டுவந்து, 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். வெறும் கண்ணால் செய்தால் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் வித்தியாசம் வருகிறது. பாட்டினோவ் மாஸ்க் (வரிசையாகக் கீறல்கள் வெட்டிய தகடு) வைத்த பிறகுதான் நிம்மதி. லென்ஸ் முன்னால் வைத்ததும் நட்சத்திரத்தில் மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டின் குறுக்குப் புள்ளி வழியாகச் சரியாகப் போனால் ஃபோகஸ் சரி. 50 மிமீக்குக் கோடுகள் மங்கலாகத்தான் இருக்கும். ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, 5 விநாடிச் சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையம் மின்னணு வழியாக மோட்டாரைத்தான் இயக்குகிறது. பேட்டரி மாற்றினால் ஃபோகஸை மறுபடி பார்த்தாக வேண்டும், டேப் ஒட்டி வைத்தும் பயனில்லை. 135 மிமீ மேனுவல் லென்ஸில் டேப் ஒட்டினால் நிற்கும். ஆனாலும் இரவு 9 மணிக்கு வைத்த ஃபோகஸ் 1 மணிக்கு இருக்காது, குளிரக் குளிர நகரும். மணிக்கு ஒருமுறை சோதித்ததில் ஒவ்வொரு முறையும் சிறு திருத்தம் தேவைப்பட்டது.

இரண்டாம் கட்டம்: டிராக்கரும் தாழ்ந்த துருவமும்

டிராக்கரின் அச்சு வான துருவத்தைப் பார்க்க வேண்டும். துருவத்தின் உயரம் நம் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, கோவையில் 11, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் 40, 50 டிகிரியில் வாழ்பவர்கள் எழுதியவை. நம் சிக்கல்கள் அவற்றில் இல்லை.

முதல் சிக்கல், துருவ நட்சத்திரமே தெரியாது. 11 டிகிரி உயரத்தில் அதன் ஒளி உச்சியில் இருப்பதைப் போல 5 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. இரண்டாம் பிரகாசத் தர நட்சத்திரம் மூன்றுக்கும் கீழே மங்கி, பனிமூட்டத்திலும் தென்னைமரத்துக்குப் பின்னாலும் மறைந்துவிடும்.

இரண்டாவது, எடை. அச்சு கிட்டத்தட்ட படுத்தே இருப்பதால் எதிர் எடைத் தண்டு செங்குத்தாகச் சுழல்கிறது. டிரைபாட்டின் ஒரு கால் வடக்கே இருந்தால் தண்டு கீழே வரும்போது அதில் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டையும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் விரித்தால் தண்டு நடுவே தப்பிச் செல்லும். எடை முன்னால் சாய்வதால் டிரைபாட்டின் நடுவில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டோம். 50 மிமீக்கு எதிர் எடையே வேண்டாம், பால் ஹெட்டை நேராக டிராக்கரில் மாட்டலாம்.

எவ்வளவு துல்லியம் தேவை? அச்சு 1 டிகிரி தவறினால் நட்சத்திரம் 1 நிமிடத்தில் அதிகபட்சம் 16 ஆர்க் செகண்ட் நழுவும். 50 மிமீக்கு அது ஒரு பிக்சலுக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. 135 மிமீக்கு ஒரு பிக்சல் 6.6 ஆர்க் செகண்ட் என்பதால் 2.4 பிக்சல் கோடாகும். ஆகவே 50 மிமீக்கு, கைபேசியின் சாய்வு அளவியை அச்சுக்கு இணையாக வைத்து 11 டிகிரி, திசைகாட்டியால் வடக்கு, இவ்வளவே போதும். தமிழ்நாட்டில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிதான் மேற்கே விலகுகிறது. அதைவிடப் பெரிய தவறு கைபேசியை டிரைபாட் இரும்பின் அருகே பிடிப்பதால் வருவது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று திசை பாருங்கள்.

135 மிமீக்கு டிரிஃப்ட் முறை. துருவ நட்சத்திரம் தெரியாவிட்டாலும் இது வேலை செய்யும். தெற்கே உச்சி கடக்கும் இடத்தில், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைக் கேமராவை நிமிர்த்தி வைத்துப் பிடியுங்கள். ஓரியனின் பட்டை இதற்கென்றே வைத்தது போல இருக்கிறது. டிராக்கர் ஓட, 15 விநாடிப் படம் ஒன்று, 5 நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் நட்சத்திரம் மேலே, அதாவது வடக்கே நகர்ந்திருந்தால் அச்சு மேற்கே அதிகம் திரும்பியிருக்கிறது. கீழே இறங்கியிருந்தால் கிழக்கே. பக்கவாட்டு நகர்வைக் கண்டுகொள்ள வேண்டாம். அச்சின் கிழக்கு மேற்குத் திசை சரியான பின் கிழக்கே, நடுக்கோட்டை ஒட்டித் தாழ்வாக உள்ள நட்சத்திரத்துக்குப் போகலாம். கிழக்கே பார்க்கும்போது வடக்கு இடப்பக்கம். வடக்கே நழுவினால் அச்சு உயரம் அதிகம், தெற்கே நழுவினால் குறைவு. அரை டிகிரித் தவறு 5 நிமிடத்தில் 135 மிமீயில் 6 பிக்சல் காட்டும், பிடிப்பது எளிது. முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். பழகினால் 20 நிமிடம்.

இப்படி அமைத்த பிறகு 50 மிமீயில் 60 விநாடி, 135 மிமீயில் 45 விநாடி சுத்தமாக வந்தன. ஊர் வெளிச்சம் இருக்கும் இடத்தில் இவ்வளவு வைக்க முடியாது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு இடமிருந்து கால் பாகம் முதல் மூன்றில் ஒரு பாகத்துக்குள் நிற்க வேண்டும். புறநகரில் 20 விநாடியிலேயே அது நடந்துவிட்டது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூரைச் சுற்றிய ஜவ்வாது மலை போன்ற இருட்டில்தான் 60 விநாடிக்கு அர்த்தம் உண்டு.

எம் 42-இன் நடுப்பகுதி 60 விநாடியில் வெள்ளையாக எரிந்துவிடும். டிராக்கரிலேயே ஒவ்வொன்றும் 5 விநாடியாக 30 படம் தனியாக எடுத்து, பிற்பாடு நடுவில் பொருத்துவது தவிர வேறு வழியில்லை.

சூடு

நம் ஊர் இரவு ஜனவரியிலும் 20 டிகிரிக்கு மேலே இருப்பது வழக்கம். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கேமரா தொடர்ந்து ஓடினால் உள்ளே இன்னும் சூடேறும். லைவ் வியூவை ஃபோகஸ் முடிந்ததும் அணையுங்கள், படம் காட்டும் திரையையும் அணையுங்கள். படத்தின் எக்ஸிஃப் தகவலில் கேமராவின் வெப்பநிலை பதிவாகியிருக்கும், அதைப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

டார்க் படங்களை அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, அதே சூட்டில் எடுக்க வேண்டும். கடைசிப் படம் முடிந்த கையோடு மூடி போட்டு 25 எடுத்துவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த டார்க்குகள் பொருந்தாமல், சூடான பிக்சல்கள் சிவப்பும் நீலமுமாக மிஞ்சின. வியூஃபைண்டரையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். டார்ச் ஒளி பின்வழியாக நுழைந்து டார்க் கெட்டது உண்டு. மூலை இருட்டையும் தூசிக் கறையையும் சரிசெய்ய உதவும் ஃப்ளாட் படங்களுக்கு லென்ஸின்மேல் வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியல் வானத்தைப் பார்த்து 25 படம். ஃபோகஸையும் துளையையும் தொடக் கூடாது. பயாஸ் (சென்சாரின் அடிப்படை இரைச்சலைப் பதியும் படம்) 1/4000 விநாடி, மூடி போட்டு 50.

டார்க் மட்டும் போதாது. டிராக்கர் மெல்ல நழுவுவதால் இரைச்சல் ஒரே திசையில் மழைச்சாரல் போலக் கோடுகளாகப் படியும். பத்துப் படத்துக்கு ஒருமுறை சட்டகத்தைக் கொஞ்சம், வெவ்வேறு திசையில் நகர்த்தினால் அது மறைகிறது.

அதிகாலைப் பனி லென்ஸில் படிவதற்கு யுஎஸ்பி ஹீட்டர் பட்டையும் பவர் பேங்கும். முன்கூட்டியே ஓடவிட வேண்டும், படிந்தபின் காயவைக்க நேரம் பிடிக்கும். கேமரா பேட்டரிக்கு 7.4 வோல்ட் டம்மி பேட்டரி இருந்தால் இரவு முழுக்கக் கவலையில்லை.

அடுக்குதல்

சிரில் மென்பொருள் இலவசம். லைட்ஸ், டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயாசஸ் என நான்கு கோப்புறைகளில் போட்டு, நிறக் கேமராவுக்கான ஆயத்த ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கிய படம் கிடைக்கும். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, காற்றில் ஆடியதையும் மேகம் கடந்ததையும் முன்பே நீக்குங்கள். 100 படம் சேர்த்தால் இரைச்சலோடு ஒப்பிடுகையில் தெளிவு 10 மடங்கு கூடும். 200 சேர்த்தால் 14 மடங்குதான். அதனால் 20 கெட்ட படங்களைத் தூக்கி எறியத் தயங்க வேண்டாம். பிறகு ஓரங்களை வெட்டி, பின்னணிச் சரிவை நீக்கி, நட்சத்திரங்களைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்து, கடைசியில்தான் படத்தை நீட்ட வேண்டும், அதாவது மங்கிய பகுதிகளை வெளிச்சமாக்க வேண்டும். வரிசை மாறினால் ஊர் வெளிச்சத்தின் ஆரஞ்சு நிறம் நெபுலாவுக்குள் கலந்துவிடும், பிரிக்க முடியாது.

ஓரியனைச் சுற்றிய மங்கலான சிவப்பு வாயு வளைவான பர்னார்ட் வளையம் ஒரு மணி நேரம் சேர்த்தும் ஒரு கறையாகத்தான் வந்தது. மாற்றாத கேமராவின் வடிகட்டி, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பில் கால் பங்கு அளவே உள்ளே விடுகிறது. கேனான் 20டிஏ, 60டிஏ, ஆர்ஏ, நிக்கான் டி810ஏ ஆகியவை இந்தச் சிவப்புக்காகவே வந்தவை. சாதா கேமராவில் வடிகட்டியை மாற்றலாம். ஆனால் முதலில் சிவப்பை நம்பாத இலக்குகளை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமெடா இரண்டும் 135 மிமீக்குப் பொருந்தும். அடுத்ததாகத் தயார் செய்வது ஒமேகா சென்டாரி: மே நடுவில் இரவு 10 மணிக்குத் தெற்கே 31 டிகிரி உயரத்தில் நிற்கும். வடக்கே வாழ்பவர்கள் பலருக்குத் தொடுவானத்துக்குக் கீழேயே கிடப்பது அது. 135 மிமீ, எஃப் 2.8, 30 விநாடி, ஐஎஸ்ஓ 800. நட்சத்திரக் கொத்து என்பதால் நிறம் எரியாமல் இருக்க ஐஎஸ்ஓ பாதியாகிறது. தென் தொடுவானத்தில் ஊர் விளக்குகள் இல்லாத இடம் மட்டும் பார்த்து வைக்க வேண்டும்.