பத்து அரிசியும் ஒரு அடிமட்டமும்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி மில்லில குறுணல் எவ்வளவு விழுகுது எண்டு பாக்க கமரா பூட்டப் போனன். அதுவரைக்கும் அங்க ஒரு அக்கா சுளகில ஒரு பிடி போட்டு விரலால தள்ளித் தள்ளிப் பிரிச்சுச் சொல்லுவா, முதலாளிக்கு அதுதான் கணக்கு. நான் 300 மில்லிமீட்டர் உயரத்தில கமராவை இறுக்கி, கறுப்புத் தட்டில அரிசியைப் பரப்பி, 4.5 மில்லிமீட்டருக்குக் கீழ எண்டா குறுணல் எண்டு புரோகிராம் எழுதினன் (முழு மணி 6 வரும், அதில முக்கால்).

கலிபிரேஷனுக்கு, அதாவது கமரா படத்தில பாக்கிறதை உண்மையான அளவோட பொருத்துறதுக்கு, வழமையான கறுப்பு வெள்ளைக் கட்டத்தாள்தான். செங்யூ ஷாங் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முறை, ஓபன்சிவி எண்ட இலவச மென்பொருளில ரெடியாக் கிடக்கு, தாளைச் சரிச்சுத் திருப்பி இருபது படம் எடுத்துக் குடுத்தா லென்ஸ் ஓரத்தில வளைக்கிறதையெல்லாம் அதுவே பிடிச்சு நிமித்தும். ரீப்ரொஜெக்ஷன் எரர், அதாவது கணக்குச் சொல்லுற கட்ட மூலைக்கும் படத்தில தெரியிற மூலைக்கும் உள்ள விலகல், 0.2 பிக்சல். எனக்குப் பெரிய புளுகம்.

அடுத்த நாளே அக்கா, "தம்பி, உங்கட கமரா குறுணலையும் முழு அரிசி எண்டுது" எண்டா. நான் அந்த 0.2ஐக் காட்டினன், அவ திரும்பியும் பாக்கேல்லை, மகன்ர அடிமட்டத்தை (ஸ்கேலை) எடுத்து, கமரா முழுசு எண்டதில தான் சந்தேகப்பட்ட பத்து மணியைப் பொறுக்கி நுனிக்கு நுனி முட்ட அடுக்கினா. 44 மில்லிமீட்டர். கமராக் கணக்கைக் கூட்டினா 45.4.

ரெண்டு மணித்தியாலம் புரோகிராமைத் துழாவிப்போட்டு பேந்துதான் அதே அடிமட்டத்தைக் கட்டத்தாளில வச்சன். பத்துக் கட்டம் 100 மில்லிமீட்டர் வரோணும், 97தான் வருது. பிரின்டர் தாளுக்கு ஏத்தமாதிரிச் சுருக்கிப்போட்டுது, நான் கட்டம் 10 எண்டு குடுத்திட்டன், அதுவும் நம்பீற்றுது. அந்த 0.2 இருக்கே, அது மூலைகள் தங்களுக்குள்ள ஒத்துப்போகுதோ எண்டு மட்டும்தான் சொல்லும், கட்டம் 10ஓ 9.7ஓ எண்டு அதுக்கு என்ன தெரியும், மில்லிமீட்டர் எண்ட சங்கதியே நாங்கள் குடுக்கிற அந்த ஒரு நம்பரிலதான் உள்ள வருது.

திருப்பிச் சரியான அளவில அடிச்சு, வளையாம இருக்க 3 மில்லிமீட்டர் கண்ணாடியில ஒட்டித் தட்டுக்கு மேல வச்சு அளவெடுத்தன். இப்ப எல்லா மணியும் நூற்றுக்கு ஒண்டு கட்டை! கண்ணாடித் தடிப்பளவு கட்டம் கமராவுக்குக் கிட்ட நிண்டிருக்கு, 300இல 3. பிறகு கட்டத்தாளை அளவெடுக்கேக்க மட்டும் தட்டை அவ்வளவு பதிச்சு எடுத்தன். மோட்டர் அதிர்வில ஃபோகஸ் வளையம் மெல்லச் சுத்துறது வேற, அதுக்கு டேப் ஒட்டியிருக்கு.

அடிமட்டம் இப்ப கமராப் பெட்டிக்குப் பக்கத்தில ஆணியில தொங்குது. காலமை மில் தொடங்க முதல் அக்கா பத்து மணி அடுக்கிப் பாத்துட்டுத்தான் சுவிச்சைப் போட விடுவா.