இரவு ஒன்பது மணி உளுந்து

என் கைபேசியில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஓர் அலாரம் அடிக்கும். அதற்கு நான் வைத்த பெயர் ‘உளுந்து ஊறப்போடு’. ‘குளிசை’ என்று போட்டிருக்கலாம்தான். ஆனால் என் போன் எப்போதும் விறாந்தை மேசையில் கிடக்கும். அம்மா பார்ப்பா, பக்கத்து வீட்டு மாமி பார்ப்பா.

கலியாணம் முடிந்து எட்டு மாதம். இவருக்கு மன்னாரில் வேலை. வெள்ளி இரவு வந்து திங்கள் விடியப் பஸ் ஏறிவிடுவார். நான் கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கிறேன். பகலில் யாழ்ப்பாணம் ரவுணில் கணக்கு வேலை, இரவில் கணக்கியல் சோதனைக்குப் படிப்பு. இன்னும் இரண்டு பாடம் மிச்சம். அது முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவெடுத்தோம். ஊரிடம் கேட்கவில்லை. ஊர்தான் கோயில் வாசலிலும் சந்தையிலும் “ஏதும் விசேஷம் இருக்கோ?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

கருத்தடைக் குளிசை கேட்டு எங்கள் பகுதி மிட்வைஃப் அக்காவிடம்தான் போனேன். கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், நிறை பார்த்தார்கள். பிறகு கேள்விகள். ஒற்றைத் தலைவலி வருமா, வரும்போது கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் வெட்டுமா, காலில் இரத்தம் கட்டினதுண்டா? “சுருட்டு, சிகரெட் பத்துறனீரோ?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவா சிரிக்கவில்லை. 35 வயதுக்கு மேல் புகைக்கிற பெண்ணுக்கு இந்தக் குளிசை ஆகாதாம், இரத்தக் கட்டியும் மாரடைப்பும் வரக்கூடுமாம். எனக்கு 28. அப்பம்மா சுருட்டுப் பிடித்தவ என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

கையில் வந்தது மிதுரி. சிங்களத்தில் தோழி என்று அர்த்தம். அட்டையில் 28 குளிசை: 21 வெள்ளை, 7 மண்ணிறம். வெள்ளையில்தான் ஹோர்மோன். மண்ணிறம் வெறும் இரும்புச் சத்து, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான். அதை மறந்தாலும் ஒன்றுமில்லை.

மாதவிடாய் வந்த மூன்றாம் நாள் முதல் குளிசையைப் போட்டேன். முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் அன்றைக்கே பாதுகாப்பு, பிந்தித் தொடங்கினால்தான் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தா. தலைக்கு விளங்கியது, வயிற்றுக்கு விளங்கவில்லை. ஒரு கடுகளவு சாமான் எப்படி அன்றைக்கே வேலையைத் தொடங்கும்? முதல் அட்டை முடியும்வரை இரண்டையும் பாவித்தோம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பயம் தன் பயத்தைவிடப் பெரிது என்று அவருக்குத் தெரியும்.

கணக்குப் பார்க்கிறவள் ஆனபடியால், குளிசை 99 சதவீதம் பாதுகாப்பு என்று கேட்டதும் மிச்ச ஒன்று எங்கே என்றுதான் என் மனம் போனது. அக்காவிடமே கேட்டேன். ஒருநாளும் பிசகாமல் போட்டால் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது. ஆனால் உலகத்தில் பெண்கள் உண்மையில் போடுகிற மாதிரிப் போட்டால் 100 பேரில் ஏறக்குறைய 7 பேருக்குத் தங்கும். “அந்த ஏழு குளிசையின்ர பிழை இல்லை, பிள்ளை. மறதியின்ர பிழை” என்றா. எனக்கு இது ஆறுதலாக இல்லை. குளிசையை நம்பலாம் என்றால், இனி நம்ப வேண்டியது என்னை. வீட்டுத் திறப்பை வாரத்தில் இரண்டு தரம் தொலைக்கிறவள் நான்.

இடையில் ஒன்று. பயத்தில் இரவிரவாக வாசித்தபோது கண்டது. 1940களில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிக்கோவில் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து புரொஜெஸ்டரோன் ஹோர்மோனை நிறையச் செய்து காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்த ஹோர்மோன்கள் மலிந்தன. 1960இல் அமெரிக்காவில் முதல் கருத்தடைக் குளிசைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கிழங்கு எங்கள் இராசவள்ளியின் சொந்தக்காரன், இரண்டும் ஒரே பேரினம். உடனே யாரும் இராசவள்ளிக் கஞ்சி காய்ச்ச ஓடவேண்டாம். அதைக் குடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆகாது, ருசிதான் மிச்சம்.

அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவா என்றும் எனக்குத் தெரியும்: “உதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காது.” அது சரியில்லை. நிறுத்தினால் கரு தங்கும் தன்மை திரும்பி வந்துவிடும், சிலருக்கு அடுத்த மாதமே. ஆனால் வேடிக்கை என்னவென்றால், நல்லூர்த் திருவிழா 25 நாளுக்குள் ‘தூரம்’ வந்துவிடக்கூடாது என்று பாமசியில் தள்ளிப்போடக் குளிசை வாங்குவதை எங்கள் ஊரில் யாரும் ஒளிப்பதில்லை. மச்சாளுக்கு அம்மாவே வாங்கிக் கொடுத்திருக்கிறா. அதுவும் ஹோர்மோன்தான். கோயிலுக்கென்றால் குளிசை நல்ல பிள்ளை.

பல்லு வீங்கி அமொக்சிசிலின் போட்ட கிழமை இன்னொரு கிலி. அன்டிபயோடிக் குளிசையை முறிக்கும் என்று அலுவலகத்தில் ஓர் அக்கா சத்தியம் பண்ணினா. முறிப்பது காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும்தானாம். பல்லுக்குப் போடுகிற மருந்தால் ஒன்றும் ஆகாது.

உண்மையான பிழை நான் விட்டது பொங்கலுக்கு. மூன்றாவது அட்டை பொங்கலன்று தொடங்கவேண்டும். அது அலுவலக லாச்சியில் பூட்டிக் கிடந்தது, அலுவலகமோ லீவு. இரண்டு நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. மறப்பதில் மோசமான மறதி இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மண்ணிறம் போடுகிற ஏழு நாளும் சூலகம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஏழு ஒன்பதானால் அது எழும்பி முட்டையை விடப் பார்க்கும். நடு அட்டையில் ஒரு குளிசையை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழமைபோல் தொடரலாம். அட்டை தொடங்கப் பிந்துவதுதான் ஆபத்து.

காலமை எட்டு மணிக்கே மிட்வைஃப் அக்காவுக்கு அடித்தேன். அழுகை வேறு.

“அவர் எப்ப வந்தவர்?”

“ரெண்டு கிழமையாய் வரேல்லை. லீவு இல்லை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப என்னத்துக்குப் பயப்பிடுறீர்?”

உண்மைதான். மன்னாரில் இருக்கிறவரால் கோண்டாவிலில் எனக்கு என்ன வரும்? அவர் வந்து போயிருந்தால் அவசரக் குளிசையைப் பற்றி யோசித்திருப்போம், இப்போது தேவையில்லை, ஆனால் இன்றைக்கிருந்து ஏழு வெள்ளைக் குளிசை போட்டு முடியும்வரை ஆணுறை கட்டாயம் என்றா. பாமசிப் பொடியன் பெட்டியைப் பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பையில் போட்டுத் தந்தான். வெளியில் நின்றவர்களுக்கு அந்தப் பையே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

அந்த அட்டை முடிய வந்த இரத்தம் இரண்டு துளி. மறுபடி நெஞ்சு இடித்தது. சிறுநீர்ச் சோதனைக் குச்சியில் ஒரே ஒரு கோடு, கரு இல்லை. குளிசை போடுகிறவர்களுக்குக் கருப்பையின் உள்வரி மெலிவதால் இப்படிக் குறைந்து வருவது வழமையாம். நான் மூன்று நிமிடம் பார்க்கவேண்டிய குச்சியை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு மேலதிக அட்டை கைப்பைக்குள் கிடக்கிறது. அலாரமும் அடிக்கிறது. போன வாரம் அது அடிக்கும்போது நான் கிணற்றடியில். அம்மா குசினியிலிருந்து கத்தினா:

“பிள்ளை, உன்ர உளுந்து அடிக்குது!”

ஓடிவந்து நிறுத்தினேன். அம்மா கடலை வறுத்துக்கொண்டிருந்தா, திரும்பிப் பார்க்கவில்லை.

“உளுந்தைக் காலமை ஊறப்போட்டுப் பின்னேரம் அரைக்கிறது. ஆர் இரவு ஒன்பது மணிக்கு ஊறப்போடுறது?” என்றவ, ஒரு கிளாஸ் தண்ணீரை மேசைக்கு நகர்த்தி வைத்தா.