கணக்குப் புத்தகத்தின் மேல் முழங்கை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் குன்னூரில் மாலை வேளைகளில் வெளியே போக வழியிருக்காது. அப்போது கணினியில் பழைய ஓவியங்களைப் பார்ப்பது என் வழக்கம். அவற்றுள் நான் அடிக்கடி திரும்பிப் போவது, பாஸ்டன் நகர வணிகர் நிக்கோலஸ் பாய்ல்ஸ்டனை அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளி 1767இல் வரைந்த உருவப்படம்.

பொய்முடி அணிவதற்காகத் தலையை மழித்துக்கொள்வது அக்காலத்துக் கனவான்களின் பழக்கம். பாய்ல்ஸ்டனோ பொய்முடியைக் கழற்றிவிட்டுக் குல்லா அணிந்து, பூவேலைப் பட்டில் தைத்த தளர்ந்த நீள் அங்கியில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். இந்த அங்கி கீழைநாட்டு வணிகத்தின் வழியே ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கச் செல்வர்களின் வீட்டு உடையானது. முழங்கைக்குக் கீழே தடித்த கணக்குப் புத்தகங்கள், தொலைவில் கடலும் கப்பலும். லண்டனிலிருந்து கடனுக்குச் சரக்கு வரவழைத்து விற்ற அந்த வணிகர்களுக்கு நாணயமே முதல் என்பதால், இத்தகைய படத்தை வெறும் அலங்காரமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. 1766இல் பாய்ல்ஸ்டன் வீட்டில் விருந்துண்ட ஜான் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர்), அறைகலன்களுக்கு மட்டுமே ஆயிரம் பவுன் செலவாகியிருந்ததைத் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்தார்.

படங்களில் காணும் செல்வம் எல்லாம் சொந்தமானதும் அன்று. மேரி ஷெர்பர்ன் பவர்ஸ் என்ற பெண்மணியின் ஆடை, அமர்ந்திருக்கும் விதம், மடியிலுள்ள நாய் ஆகிய அனைத்தையும் ஆங்கிலேய ஓவியர் ரெனால்ட்ஸின் ஓவியம் ஒன்றின் அச்சுப்படியைப் பார்த்தே காப்ளி வரைந்தார். ஸ்டூடியோவில் மாட்டியிருக்கும் பொதுக் கோட்டை அணிந்துகொண்டு, திரையில் தீட்டிய மாளிகைக்கு முன்னால் நின்று நம் தாத்தாக்கள் படம் எடுத்துக்கொண்டதும் இதே கதைதான். ஆனால் முகத்தில் மட்டும் காப்ளி சலுகை காட்டுவதில்லை. பாய்ல்ஸ்டனின் தாயாரை 1766இல் வரைந்தபோது, பழுப்புப் பட்டின் மினுமினுப்பைத் தீட்டிய அதே பொறுமையோடு முதுமையின் சுருக்கங்களையும் தீட்டியிருக்கிறார். பணம் கொடுத்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு வியப்பு.

இவ்வளவு செய்தும், தச்சர், தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஆகியோரின் தொழிலைப் போன்ற ஒன்றாகவே ஓவியத்தையும் ஊரார் கருதுகிறார்கள் என்று காப்ளி கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். (அந்தத் தொழில்களில் அப்படி என்ன குறை என்று கேட்கத் தோன்றுகிறது.)

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எனக்கு அடுத்த பகுதி தனிச் சுவை உடையது. காப்ளியின் மாமனார் ரிச்சர்ட் கிளார்க், கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை பாஸ்டனில் விற்கும் பொறுப்பேற்ற வணிகர்களுள் ஒருவர். அந்த வணிகர்களுக்கும், பிரிட்டிஷ் தேயிலை வரியை எதிர்த்த ஊராருக்கும் இடையே காப்ளி சமரசம் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு எதிர்ப்பாளர்கள் கொட்டிய 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் போயின. அது சீனத் தேயிலை. நீலகிரியில் தேயிலை வேரூன்றியது அடுத்த நூற்றாண்டில்தான். 1774இல் காப்ளி கப்பலேறினார், திரும்பவே இல்லை. லண்டனில் பெரிய வரலாற்றுக் காட்சிகளை வரைந்து புகழ் பெற்றாலும், பாஸ்டன் முகங்களில் இருந்த அந்தக் கண்டிப்பு அவற்றில் எனக்குத் தட்டுப்படவில்லை.