விநியோக மையம் கேட்டுச் சென்ற 14 மாதங்கள்

எங்கள் நகராட்சிக்கு அந்தக் கடிதம் வந்தபோது அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை. இடத்தேர்வு ஆலோசகர் ஒருவர் தம் வாடிக்கையாளர் சார்பில் அனுப்பியிருந்த கோரிக்கை அது. திட்டத்துக்கு ஒரு புனைபெயர் இடப்பட்டிருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று தன் விநியோக மையத்துக்கு இடம் தேடுகிறது என்றும், 12 வேலை நாள்களுக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. திட்டமிடல் பிரிவில் நில உபயோகக் கோப்புகளைப் பார்த்துவந்த என்னிடம் அன்று மாலையே அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அடுத்த 14 மாதங்கள் என் வேலை நேரத்தின் பெரும்பகுதி அதற்கே சென்றது. இதே போன்றதொரு கடிதம் நாளை வேறொரு நகராட்சியின் மேசைக்கு வரும்போது அங்கே அமர்ந்திருப்பவருக்கு உதவும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேட்கப்பட்டவை எல்லாம் அளவுகளாகவே இருந்தன. ஒரே தளத்தில் 10 லட்சம் சதுர அடிக் கட்டடம், உள்ளே 40 அடி உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட சரக்கு வாயில்கள், துண்டுபடாத 90 ஏக்கர் சமதளம், நெடுஞ்சாலைக்கு ஊர்க் குடியிருப்புகளைத் தொடாத வழி, அரைமணி நேரப் பயணத் தொலைவுக்குள் வேலைக்கு வரக்கூடியோர் எத்தனை பேர் என்ற கணக்கு. 90 ஏக்கர் எதற்கு என்று மன்ற உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். 10 லட்சம் சதுர அடி என்பது ஏறத்தாழ 23 ஏக்கர், கட்டடம் அவ்வளவுதான். மீதி நிலம் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கவும், பணியாளர் வாகனங்களுக்கும், தீயணைப்பு வண்டி சுற்றிவரவும், மழைநீர்க் குட்டைக்கும், பின்னாளில் கட்டடத்தை நீட்டிப்பதற்கும் தேவைப்படுகிறது. இந்த விளக்கத்தை ஒரு பக்க வரைபடமாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் மன்றத்தில் பேச்சு சரியான தடத்துக்கு வந்தது.

அந்த 12 நாள்களில் எங்களைத் தலைகுனிய வைத்தது எங்கள் சொந்த ஆவணங்கள்தான். ஊரின் கிழக்கே நாங்கள் தேர்ந்தெடுத்த நிலத்தின் ஓரமாக 12 அங்குலக் குடிநீர்க் குழாய் செல்கிறது என்று வரைபடம் கூறியது. அதை நம்பிப் பதில் எழுதியும்விட்டோம். குடிநீர்ப் பிரிவின் மூத்த பணியாளர் ஒருவர் மட்டும், "அங்கே பழைய குழாய்தான் ஐயா கிடக்கிறது, தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். மறுநாள் காலை ஐந்தடிப் பள்ளம் தோண்டினோம். மண்ணைத் துடைத்துவிட்டு அவர் குழாயின் மேல் அளவுநாடாவைச் சுற்றிக் காட்டினார். எட்டு அங்குலக் குழாய். எப்போதோ ஒப்புதலான ஒரு விரிவாக்கத்தை, அது நடக்காமல் போனபின்னும் யாரும் வரைபடத்திலிருந்து நீக்கவில்லை. அனுப்ப இருந்த பதிலை அன்றே திருத்தினோம்.

அந்த நான்கு அங்குல வேறுபாடு சிறிய விஷயம் இல்லை. உயரமான அடுக்குகளில் அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் பொருள்களும் நிறைந்த கட்டடத்தில் தீ மேலே ஏறும் வேகம் மிக அதிகம். எனவே கூரையில் அதிவேகத் தெளிப்பான்களைப் பொருத்துகிறார்கள்; மிகத் தொலைவில் உள்ள 12 தெளிப்பான்கள் ஒருசேரத் திறந்தாலும் அழுத்தம் குறையாமல் நீர் வர வேண்டும் என்பதே வழக்கமான வடிவமைப்பு அடிப்படை. நகரக் குழாயால் அதைத் தர முடியாவிட்டால் நிலத்திலேயே தொட்டியும் பம்பும் அமைக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். மழைநீரும் அப்படித்தான். 10 லட்சம் சதுர அடிக் கூரைமேல் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 93 லட்சம் லிட்டர் நீர் கீழே வருகிறது. அதுவரை மண் குடித்துக்கொண்டிருந்த நீர் அது. நிலத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கும் குடியிருப்பின் வடிகால் சாதாரண மழைக்கே நிரம்பி வழியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே குட்டையின் கொள்ளளவை நாங்களே கணக்கிட்டு, அது இல்லாமல் அனுமதி இல்லை என்று பதிலில் குறிப்பிட்டோம்.

முதல் சுற்றில் தேர்வாகி நிலத்தைப் பார்க்க வரும் முன்பாக, ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிடச் சொன்னார்கள். இது இத்துறையில் வழக்கம்தான். நில விலை ஏறிவிடும் என்ற அச்சம் நியாயமானதும்கூட. ஆனால் நாங்கள் கையொப்பமிட்ட தாளில், "திட்டம் தொடர்பாகப் பெறப்படும் எல்லாத் தகவல்களும்" என்று இருந்தது. அந்த "எல்லா" என்ற சொல்லை நான் மூன்று முறை படித்தேன். ஆனாலும் எதிர்ப்பு எதையும் கோப்பில் பதியாமல் கடந்துவிட்டேன். இந்த 14 மாதங்களில் நான் செய்த தவறுகளில் பெரியது அதுவே.

அதன் விளைவு ஐந்தாம் மாதத்தில் நடந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வெளிப்பட்டது. நில உபயோக மாற்றத்துக்காக நடந்த கூட்டம் அது. வேலைவாய்ப்பு வரும் என்று வரவேற்றவர்களும், சத்தமும் புகையும் வரும் என்று எதிர்த்தவர்களும் பேசி முடித்த பின், இணைப்புச் சாலையில் உள்ள பள்ளியின் ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும் என்று நான் கேட்கவில்லை. காலை எட்டே முக்கால் மணிக்கு எங்கள் வாசலில் எத்தனை வண்டி வரும்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். தலைவர் என் பக்கம் திரும்பினார். நிறுவனம் தந்த மணிவாரிக் கணக்கு என் முன்னால் இருந்த கோப்பில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "தகவல் பின்னர் வெளியிடப்படும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். ஆசிரியை எதுவும் பேசாமல் சில வினாடிகள் நின்றிருந்து, பிறகு உட்கார்ந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு விடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறுத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த வாரமே சட்டப் பிரிவின் உதவியுடன் ஒரு திருத்தம் தயாரித்தோம். நிறுவனத்தின் பெயர், நில விலை, வணிக உத்திகள் ஆகியவை ரகசியமாக இருக்கலாம். போக்குவரத்து, நீர், இரைச்சல், வெளிச்சம், தீப்பாதுகாப்பு ஆகியவை பற்றிய எண்கள் எதுவும் ரகசியத்தில் சேராது. நிறுவனம் இதற்கு இணங்காது என்று எண்ணியிருந்தோம். நான்கு நாள்களில் ஒப்புதல் வந்துவிட்டது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

கணக்கு வெளியான பிறகு அதைச் சரிபார்க்க, பள்ளிக்கு அருகே உள்ள சந்திப்பில் நானும் இரு சக பணியாளர்களும் இரண்டு நாள்கள் காலை ஐந்து மணி முதல் பத்து மணி வரை அமர்ந்து வண்டிகளை எண்ணினோம். அப்போதுதான் ஆசிரியை கேட்டதன் முழுப் பொருளும் புரிந்தது. நிறுவனத்தின் அட்டவணைப்படி லாரிகள் நாள் முழுவதும் பரவலாக வந்துபோகும். நெரிசலை உண்டாக்கப் போவது ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருசேர நுழையும், வெளியேறும் பணியாளர்களின் வாகனங்கள். இரவு ஷிப்ட் முடியும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஷிப்டை 45 நிமிடம் முன்னதாக மாற்ற முடியுமா என்று கேட்டோம். முடியும் என்றார்கள். பெரும் செலவு எதுவும் இல்லாத இந்த மாற்றம், எண்களை மறைத்து வைத்திருந்தவரை யாருக்கும் தோன்றவில்லை.

சாலையின் கதை வேறு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலைகள் அமைத்து அவற்றின்மேல் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மீதுள்ள சுமை கூடக்கூடச் சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற கணக்கு அதிலிருந்தே வந்தது. சுமை இருமடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. எங்கள் இணைப்புச் சாலை டிராக்டர்களுக்கும் பேருந்துகளுக்கும் போட்ட சாலை. அதை அடித்தளத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும் என்று பொறியாளர் அறிக்கை கொடுத்தார். வரிச்சலுகையைப் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்த உறுப்பினர்கள், சலுகை போக மிஞ்சும் வரி அந்தச் சாலையின் பராமரிப்புக்குக்கூடப் போதாது என்ற பட்டியலைப் பார்த்தபோது அமைதியானார்கள். சலுகை எவ்வளவு என்று முடிவுசெய்வதற்கு முன்பே இந்தப் பட்டியல் தயாராக இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதை ஏழாம் மாதத்தில்தான் தயாரித்தோம்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் மக்கள் பெரும்பாலோர் இதை விரும்பியது அதற்காகத்தான். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். அமேசான் நிறுவனத்தின் கிடங்குகள் அமைந்த பகுதிகளை ஆராய்ந்து எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கிடங்குத் துறை வேலைகள் சுமார் 30 விழுக்காடு கூடின என்றும், அப்பகுதியின் மொத்த வேலைவாய்ப்பு கூடியதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. அதனால் இம்மையம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. நேரடி நியமனம் எத்தனை, ஒப்பந்த முகவர் வழியே எத்தனை, ஆண்டு முழுவதும் எத்தனை, பண்டிகைக் காலத்துக்கு மட்டும் எத்தனை என்று பிரித்துக் கேட்டோம். மொத்த எண்ணாக முதல் கடிதத்தில் இருந்தது, பிரித்து எழுதியபோது வேறு தோற்றம் கொண்டது. ஆனாலும் நேரடியான, ஆண்டு முழுவதுமான வேலைகள் எங்கள் அளவுள்ள ஓர் ஊருக்குக் கணிசமானவையாகவே இருந்தன.

இறுதிப் பேச்சுவார்த்தை பத்தாம் மாதம் தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறையும் சொத்துவரிச் சலுகை, அதற்கு ஈடாக உறுதியளித்த வேலைகள் வராவிட்டால் சலுகையைத் திரும்பப் பெறும் விதி என்பது எங்கள் வரைவு. மூன்றாம் முறை திரும்பி வந்த வரைவில் அந்த விதி அப்படியே இருந்தது; ஆனால் எட்டாம் பக்கத்தில் "வேலை வழங்கும்" என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில் "வேலை வழங்க முயலும்" என்று மாறியிருந்தது. முயற்சி செய்தோம் என்று கூறிவிட்டால் விதி செயலற்றுப் போகும். எங்கள் சட்ட அலுவலர் ஒவ்வொரு வரைவையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பழக்கம் உடையவர் என்பதால்தான் அது கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட பேச்சுக்குப் போகும் எந்த நகராட்சியும் அத்தகைய ஒருவரை இதற்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

அப்போது மன்றத்தில் பெரும் விவாதம் நடந்தது. பக்கத்து நகரமும் போட்டியில் இருக்கிறது, சொல்லுக்காகத் திட்டத்தை இழக்கலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக 2017 செப்டம்பரில் அறிவித்தபோது 238 முன்மொழிவுகள் குவிந்ததையும், அடுத்த ஆண்டு நவம்பரில் தேர்வான இரண்டு இடங்களில் ஒன்றான நியூயார்க்கிலிருந்து 2019 பிப்ரவரியில் அந்நிறுவனம் பின்வாங்கியதையும் நான் எடுத்துக் கூறினேன். தேர்வாவது முடிவல்ல என்றால், சலுகைகள் கையெழுத்தான பின் எஞ்சும் ஒரே பாதுகாப்பு ஒப்பந்தத்தில் உள்ள சொற்கள்தாம். வாக்கெடுப்பில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் "வழங்கும்" என்ற சொல்லே நிற்க வேண்டும் என்று முடிவானது.

பதினான்காம் மாதம் இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்தது. நிறுவனம் பக்கத்து நகரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அங்கே நிபந்தனை இல்லாத சலுகை கொடுக்கப்பட்டது என்பது பின்னர் அவர்களின் மன்றத் தீர்மானத்திலேயே பதிவானது. வேலைக்காகக் காத்திருந்த இளைஞர்கள் சிலர் அலுவலகத்துக்கு வந்து நேரில் கேட்டார்கள். அவர்களுக்கு முழுக் காரணத்தையும் சொன்னேன். அவர்கள் வருத்தத்தோடுதான் சென்றார்கள், எனக்கும் வருத்தம்தான். மறுபடியும் அதே வாக்கெடுப்பு வந்தால் அதே பக்கமே நிற்பேன்.

கட்டடம் எழும்பி இயங்கத் தொடங்கியதும், நாங்கள் யாரும் கணக்கில் கொள்ளாத ஒன்று நடந்தது. நெடுஞ்சாலையிலிருந்து அந்த மையத்துக்குக் குறுக்குவழி எங்கள் புறவழிச்சாலைதான். அதே சந்திப்பில் மீண்டும் ஒரு நாள் காலை உட்கார்ந்து எண்ணினோம்; முன்பு எண்ணியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு கனரக லாரிகள் சென்றன. சாலை எங்களுடையது, வரி அவர்களுடையது, ஷிப்ட் நேரத்தைப் பற்றிய உடன்பாடு யாரிடமும் இல்லை. தனித்தனியே போட்டியிட்ட இரு நகரங்களும், இந்தச் சாலை எப்படித் தாங்கும் என்று ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அதனால் பக்கத்து நகராட்சியின் திட்டமிடல் பிரிவுக்கு நானே எழுதினேன். எங்கள் போக்குவரத்துக் கணக்கு, சாலை மதிப்பீடு, ஆசிரியை கேட்ட கேள்வியின் பின்னணி எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். அவர்களும் தங்கள் ஊர்ச் சாலைகள் பெயர்ந்துவரும் கவலையில்தான் இருந்தார்கள். இதுவரை இரண்டு கூட்டங்கள் நடந்துள்ளன. இனி இப்பகுதிக்கு வரும் கோரிக்கை எதுவானாலும் போக்குவரத்து எண்களை இரு நகரங்களும் பகிர்ந்துகொள்வது என்று உடன்பட்டிருக்கிறோம். சலுகைகளுக்கு ஒரு பொது உச்சவரம்பு வைப்பதில் இன்னும் உடன்பாடு எட்டவில்லை. மூன்றாம் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. அதில் முதலில் எடுத்துக்கொள்ளப் போவது, புறவழிச்சாலையின் தொடக்கத்தில் இரு நகரங்களும் செலவைப் பகிர்ந்து ஓர் எடைமேடை அமைப்பது.