எச்செவேரியாவும் ஏழு இலைகளும்

ஜூன் 4
என் எச்செவேரியாவின் (தடித்த சதைப்பற்றுள்ள இலைகளை ரோஜாப்பூ போல அடுக்கும் தொட்டிச்செடி) அடி இலைகள் மூன்று மஞ்சளாகிவிட்டன. விரல் பட்டதுமே கழன்று கையோடு வந்தன. கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிறது, அழுத்தினால் நீர் கசிகிறது. தாகத்தில் வாடும் இலை சுருங்கி மெலிந்து சருகாகும். இது அப்படியில்லை, தண்ணீர் மிஞ்சிய அடையாளம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிவந்தேன்.

ஜூன் 5
தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்த மண், உள்ளே சேறு. வேரெல்லாம் பழுப்பேறி, இழுத்தால் நூலாக உரிந்தது. தண்டை வெட்டினால் நடுவில் கறுப்பு வளையம். கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று வெட்டினேன். நான்காவது வெட்டில்தான் சுத்தமான வெளிர்பச்சை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகே மூச்சு வந்தது.

மிஞ்சியது ஒரு விரற்கடைத் தண்டோடு தலைப்பகுதியும், நல்ல இலைகள் ஏழும். இலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டி, அடி முழுசாக வரும்படி எடுக்க வேண்டும். அடி பிய்ந்த இலை துளிர்ப்பதில்லை. எல்லாவற்றையும் நிழலில் ஒரு காகிதத்தின்மேல் பரப்பி வைத்திருக்கிறேன். தண்ணீர் கிடையாது.

இன்னொன்று. தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டிருந்தேன். அதுவும் தவறுதான். நைசான மண்ணிலிருந்து நீர் சட்டென்று கல்லுக்குள் இறங்காது. கல்லுக்கு மேலே இருக்கும் மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். ஈரம் வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. இனி கல் வேண்டாம். மண் கொட்டாமலிருக்க துளைமேல் ஒரு துண்டு வலை போதும்.

ஜூன் 9
வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிவிட்டது. முன்பு இருந்தது முழுக்க கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். இந்த முறை பாதி மண், பாதி பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) பருமணலும். சுட்ட மண் தொட்டி, செடியைவிட ஒரு விரல்தான் அகலம். உலர்ந்த கலவையிலேயே தலையை நட்டேன். ஏழு இலைகளையும் ஒரு தட்டில் மண்ணின்மேல் சும்மா கிடத்தினேன்.

ஜூன் 11
ஏன் இதற்கு இவ்வளவு குறைந்த நீர் போதும் என்று படித்தேன். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இவை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கும். பகலில் கதவடைத்துக்கொண்டு, வெயிலில் அதை வைத்தே உணவு சமைக்கும். வெப்பத்தில் திறக்காததால் நீர் அதிகம் போவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே இவற்றின் குடும்பமான கிராசுலேசியிலிருந்து வந்ததுதான். ஜேட் செடியும் அதே குடும்பம்.

எச்செவேரியா என்ற பெயர் 1828-இல் வைக்கப்பட்டது, அத்தனாசியோ எச்செவெர்ரியா என்ற மெக்சிகோ தாவர ஓவியரின் நினைவாக. வரைந்து வைத்தது போன்ற இந்த இலையடுக்குக்கு ஓர் ஓவியரின் பெயர் அமைந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜூன் 17
ஜேட்டின் இலைக்கணுக்களில் மாவுப்பூச்சி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். மற்ற தொட்டிகளிடமிருந்து தள்ளி வைத்தாயிற்று. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜூன் 27
நான்கு இலைகளின் அடியில் இளஞ்சிவப்பு வேர், மயிரிழை கனத்தில்! இரண்டு சும்மாவே கிடக்கின்றன. ஒன்று கறுத்துவிட்டது, எடுத்தெறிந்தேன். வேர் விட்டவற்றின் பக்கத்து மண்ணில் மட்டும் லேசாக நீர் தெளித்தேன்.

ஜூலை 10
தலையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது! அடித்துளை வழியே வடியும் வரை முழுசாக ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தொட்டியைத் தூக்கிப் பார்த்ததில் எடை வித்தியாசம் கைக்கு நன்றாகத் தெரிகிறது. அடுத்த முறை அந்த லேசான எடை திரும்பிய பிறகுதான்.

தட்டில் ஓர் இலையடியில் மிளகளவு குட்டிச் செடி, ரோஜா வடிவில். தாய் இலை சுருங்குகிறது, ஆனாலும் பறிக்கவில்லை. குட்டி அதிலிருந்துதான் நீர் குடிக்கிறது.

தலையின் வெளி இலைகளில், வெட்டிய அன்று பட்ட என் விரல்தடம் அப்படியே இருக்கிறது. இலைமேல் படிந்த வெண்மெழுகுப் பொடி அழிந்த இடத்தில் திரும்ப நிறைவதில்லை. நடுவில் புதிதாக இரண்டு இலைகள் விரிந்திருக்கின்றன, முழுப் பொடியோடு. அவற்றை இன்னும் தொடவில்லை.